‘விசித்திரவேலை’ என்ற சொல்லுக்குப் பின்னால்: ‘ஹோஷேவ்’ என்னும் எபிரேயச் சொல்லின் பொருளைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

யாத்திராகமத்தின் 25-ஆம் அதிகாரம் முதல் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதித்த ஆசரிப்புக்கூடாரத்தின் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக விவரிக்கப்படும்போது, வாசிப்பவர்களில் பெரும்பாலோர் முழ அளவுகளையும் கொக்கிகளையும் காதுகளையும் பாதங்களையும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அப்படிக் கடக்கும்போது கைநழுவிப் போகும் சொற்களில் ஒன்று ‘ஹோஷேவ்’. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் ‘விசித்திரவேலை’ என்று நாம் படிப்பது, எபிரேயத்தில் ‘மஅசே ஹோஷேவ்’, அதாவது ‘ஹோஷேவ் என்பவனுடைய வேலை’ என்ற தொடராகும். இந்த ஹோஷேவ் யார், அவன் செய்த வேலை எத்தகையது, ஊசியால் தைத்தானா தறியில் நெய்தானா என்பவற்றை அகராதியின் ஒரு வரியோடு நிறுத்திவிடாமல், வசனங்களைக் கொண்டே படிப்படியாகக் கண்டடைவது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன். எபிரேய எழுத்துகள் தெரியாதவர்களும் ஓர் எபிரேயச் சொல்லடைவும் (ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்து, அது வரும் வசனங்களைப் பட்டியலிடும் நூல்) தமிழ் வேதாகமமும் வைத்துக்கொண்டு இவ்வழியில் நடக்கலாம்.

முதற்படி: தமிழ்ச் சொல்லை நம்பித் தேடத் தொடங்காதீர்கள்

தமிழ் வாசகர் முதலில் விழும் குழி இதுதான். ‘விசித்திர’ என்ற சொல்லை வைத்து வேதாகமம் முழுவதும் தேடினால், யாத்திராகமம் 26:1-இல் கேருபீன்கள் என்னும் சிறகுள்ள வானவர்களின் உருவங்கள் உள்ள மூடுதிரைகள் கிடைக்கும். 28:6-இல் பிரதான ஆசாரியன் அணியும் ஏபோத்து என்ற மேலுடை கிடைக்கும். கூடவே சங்கீதம் 139:15-உம் கிடைக்கும். அங்கே சங்கீதக்காரன், தான் பூமியின் தாழ்விடங்களிலே ‘விசித்திர விநோதமாய் உருவாக்கப்பட்ட’தாகச் சொல்கிறான். இவை ஒரே எபிரேயச் சொல்லின் மொழிபெயர்ப்பு என்று எண்ணிக்கொண்டு, ‘ஏபோத்தை நெய்தவனைப்போலவே தேவன் மனிதனையும் நெய்தார்’ என்று விளக்கம் சொல்லத் தோன்றும். உண்மையில் சங்கீதத்தில் இருப்பது ‘ருக்கம்தீ’ என்ற வினை. அதன் வேர் ரேஷ், கோஃப், மேம் என்ற மூன்று எழுத்துகள். யாத்திராகமத்திலோ, இதே வேரிலிருந்து வரும் ‘ரோகேம்’ என்பவனுடைய வேலை, 26:36-இல் ‘சித்திரத் தையல்வேலை’ என்று வேறு பெயரில் தமிழாக்கப்பட்டிருக்கிறது. ஆக, ஒரே எபிரேய வேர் தமிழில் இரண்டு வேடங்களில் வருகிறது. இரண்டு எபிரேயச் சொற்கள் தமிழில் ஒரே வேடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

இதில் மொழிபெயர்ப்பாளர்களைக் குறைசொல்ல எதுவுமில்லை. சங்கீதம் கவிதை, யாத்திராகமம் ஏறத்தாழ வேலைப்பட்டியல். இரண்டுக்கும் ஒரே கலைச்சொல் பொருந்தவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருந்ததில்லை. ஆனால் சொல்லாய்வு செய்பவருக்கு அந்தக் கட்டாயம் உண்டு. ஆகவே சொல்லடைவில் எபிரேயச் சொல்லின் எண்ணைப் பார்த்து, ‘ஹோஷேவ்’ வரும் இடங்களைத் தனியாகவும், ‘ரோகேம்’ வரும் இடங்களைத் தனியாகவும் இரண்டு தாள்களில் எழுதிக்கொள்ளுங்கள். ‘நெய்பவன்’ என்று பொருள்படும் ‘ஓரேக்’ என்ற மூன்றாவது சொல்லுக்கும் ஒரு தாள் வேண்டும்.

இரண்டாம் படி: சொல்லின் இலக்கண வடிவத்தைப் பாருங்கள்

‘ஹோஷேவ்’ ஒரு பொருளின் பெயரன்று. ஓர் ஆளின் பெயர். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது, ஏனெனில் நம்மிடம் வினையாலணையும் பெயர் இருக்கிறது. ‘பாடுபவன்’, ‘உழுபவன்’ என்பவை வினையிலிருந்து பிறந்து ஆளைக் குறிப்பதுபோல, ‘ஹாஷவ்’ என்ற வினையிலிருந்து ‘ஹோஷேவ்’ பிறக்கிறது. அதன் நேர்ப்பொருள் ‘எண்ணுபவன்’ அல்லது ‘யோசிப்பவன்’ என்பதாகும். ‘ரோகேம்’, ‘ஓரேக்’ இரண்டும் இதே அச்சில் வார்க்கப்பட்டவை.

பதினோராம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் த்ருவா நகரில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி, 26:36-க்கு உரை எழுதும்போது இந்த நுணுக்கத்தைக் குறிப்பிட்டுச் சொல்கிறார்: ரோகேம் என்பது கைவினைஞனின் பெயர், கைவினையின் பெயரன்று. ஒன்றரை வரியில் முடிந்துவிடும் குறிப்பு அது. இருந்தாலும் இதைக் கவனித்துக்கொண்டால்தான் ‘விசித்திரவேலை’ என்ற தமிழ்த்தொடர் எதை விட்டுவிட்டது என்பது புலப்படும். எபிரேயம் துணியின் அழகைப் பற்றி அங்கே எதுவும் சொல்லவில்லை. அதைச் செய்யத் தகுந்தவன் யார் என்பதை மட்டுமே சொல்கிறது.

மூன்றாம் படி: வேர் வினை எங்கெல்லாம் போகிறது என்று பின்தொடருங்கள்

ஹேத், ஷீன், பேத் என்ற மூன்று எழுத்துகளால் ஆன இவ்வேர் எபிரேய வேதாகமத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை. பொருளின் கிளைகள் தெரியும்படி சிலவற்றைத் தேர்ந்துகொண்டால் போதும்.

ஆபிராம் கர்த்தரை விசுவாசித்தபோது, ‘அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்’ என்று ஆதியாகமம் 15:6 சொல்கிறது. அங்கே இருப்பது இந்த வினைதான். யோசேப்பு தன் சகோதரரிடம் ஆதியாகமம் 50:20-இல் பேசும்போது இவ்வினை இருமுறை வருகிறது: நீங்கள் எனக்குத் தீமையை ‘எண்ணினீர்கள்’, தேவனோ அதை நன்மையாக ‘எண்ணினார்’. தமிழில் முதலாவது ‘நினைத்தீர்கள்’ என்றும் இரண்டாவது ‘முடியப்பண்ணினார்’ என்றும் பிரிந்துவிட்டதால், ஒரே சதியின்மேல் இரண்டு திட்டங்கள் ஓடுகின்றன என்ற எபிரேயத்தின் சொல்விளையாட்டு நமக்குத் தெரியாமல் போகிறது. லேவியராகமம் 25-இல் நிலத்தையும் அடிமைப்பட்டவனையும் மீட்கும்போது ஆண்டுகளைக் கணக்குப் பார்ப்பதற்கும் இதே வினை. இரண்டாம் இராஜாக்கள் 12-இல் ஆலயத்தைப் பழுதுபார்த்தவர்களின் கையில் பணத்தைக் கொடுத்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று சொல்லும் இடத்திலும் இதுவே. ஆமோஸ் 6:5-இல் சீயோனின் சுகவாசிகள் தாவீதைப்போல் இசைக்கருவிகளைப் புனைந்துகொள்வதும் இதே வினையால் சொல்லப்படுகிறது.

கணக்குப் பார்த்தல், கருதுதல், திட்டமிடுதல், புதிதாகப் புனைதல் என்று இவ்வளவு தொலைவு விரிகிறதே என்று மலைக்க வேண்டாம். தமிழின் ‘எண்ணு’ என்ற வினையே இந்தப் பரப்பில் பாதியை அளந்துவிடுகிறது. காசையும் எண்ணுகிறோம், மனத்திலும் எண்ணுகிறோம். அரபு மொழியில் இதே வேர் ‘ஹிசாப்’ என்ற சொல்லைத் தந்திருக்கிறது. மறுமை நாளின் கேள்வி கணக்கைக் குறிக்கத் தமிழ் முஸ்லிம்கள் பயன்படுத்தும் சொல் அது. இக்கால எபிரேயத்தில் உணவகத்தில் கேட்கும் ரசீதுக்கு ‘ஹெஷ்போன்’ என்று பெயர்; கணினிக்கு ‘மஹ்ஷேவ்’ என்று பெயர். நாம் ‘கணி’ என்பதிலிருந்து ‘கணினி’ என்று அமைத்துக்கொண்டதுபோலவே அவர்களும் அமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கைவினையோடு இவ்வேர் சேரும் இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். யாத்திராகமம் 31:4-இல், ஊரியின் குமாரனாகிய பெசலெயேல் பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலைசெய்வதற்காக ‘லஹ்ஷோவ் மஹஷாவோத்’, அதாவது ‘எண்ணங்களை எண்ணுவதற்கு’ நிரப்பப்படுகிறான். தமிழ் மொழிபெயர்ப்பு இங்கே அழகாகக் கைகொடுக்கிறது: விநோதமான வேலைகளை ‘யோசித்துச்’ செய்வதற்கு என்று அது எழுதுகிறது. இரண்டாம் நாளாகமம் 2-இல் தீருவிலிருந்து சாலொமோனிடம் அனுப்பப்படும் ஈராம் அபி, எந்த வடிவத்தையும் எண்ணியமைக்கத் தெரிந்தவன் என்று இதே சொற்களால் அறிமுகமாகிறான். அவன் உலோகம், கல், மரம், நூல் அனைத்திலும் கைதேர்ந்தவன். இரண்டாம் நாளாகமம் 26:15-இல் உசியா ராஜா எருசலேமின் கோபுரங்கள்மேல் வைத்த அம்பெய்யும் கல்லெறியும் யந்திரங்களுக்கு இவ்வேரிலிருந்தே மூன்று சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன: ‘ஹிஷ்போனோத் மஹஷேவெத் ஹோஷேவ்’. ‘எண்ணுபவனின் எண்ணத்தால் ஆன எண்ணமைப்புகள்’ என்று சொன்னால் தமிழில் சிரிப்பு வரும். எபிரேயத்தில் அது கம்பீரமாக ஒலிக்கிறது.

இதிலிருந்து ஒரு வரையறை கிடைக்கிறது. வினையாக வரும்போது இவ்வேர் எந்தக் கைத்தொழிலுக்கும் பொருந்தும், பொன்னுக்கும் போர்க்கருவிக்கும்கூட. ‘மஅசே ஹோஷேவ்’ என்ற தொடராக இறுகும்போது மட்டும் அது நூல்வேலைக்கு உரியதாகிவிடுகிறது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் அடுத்த படியில் கால் இடறும்.

நான்காம் படி: தொடர் வரும் எட்டு இடங்களையும் அருகருகே வையுங்கள்

இந்த ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாமல் நேரம் ஒதுக்குங்கள். ‘மஅசே ஹோஷேவ்’ யாத்திராகமத்தில் எட்டு இடங்களில் வருகிறது: கட்டளையாக 26:1, 26:31, 28:6, 28:15 ஆகியவற்றிலும், அக்கட்டளை நிறைவேறும்போது 36:8, 36:35, 39:3, 39:8 ஆகியவற்றிலும். பொருள்கள் நான்கே நான்கு: வாசஸ்தலத்தின் உட்புற மூடுதிரைகள் பத்து, மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரைச்சீலை, ஏபோத்து, நியாயவிதி மார்ப்பதக்கம்.

‘மஅசே ரோகேம்’ ஆறு இடங்களில் வருகிறது: 26:36, 27:16, 28:39, பின்னர் 36:37, 38:18, 39:29. இங்கே பொருள்கள் மூன்று: கூடாரவாசலின் தொங்குதிரை, பிராகார வாசலின் தொங்குதிரை, ஆசாரியரின் இடைக்கச்சை. ‘மஅசே ஓரேக்’ 39:22-இல் ஏபோத்தின்கீழ் அணியும் முழுநீல அங்கிக்கும், 39:27-இல் மெல்லிய நூலால் ஆன உள்ளங்கிகளுக்கும் வருகிறது. இவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு வகை நூலால் ஆனது.

இப்போது மூன்று தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடத்தை முதலில் கவனியுங்கள். ஹோஷேவின் கைவேலை கூடாரத்தின் உள்ளே, உடன்படிக்கைப் பெட்டிக்கு அருகில், பிரதான ஆசாரியனின் நெஞ்சின்மேல் இருக்கிறது. ரோகேமின் கைவேலை வாசல்களில் இருக்கிறது. உலோகமும் இதற்கு இசைந்து நடக்கிறது: உட்புறத் திரைச்சீலையை நாலு தூண்கள் வெள்ளிப்பாதங்களின்மேல் தாங்க, கூடாரவாசலின் தொங்குதிரையை ஐந்து தூண்கள் வெண்கலப்பாதங்களின்மேல் தாங்குகின்றன. இந்தப் படிநிலையை இஸ்ரவேல் ஆய்வாளர் மெனகெம் ஹரன் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்: உள்ளே போகப்போகப் பொருளின் விலையும் வேலையின் நுட்பமும் ஏறுகின்றன.

அடுத்து நூல்களைக் கவனியுங்கள். இளநீலம், இரத்தாம்பரம் (ஊதா), சிவப்பு, திரித்த மெல்லிய நூல் என்ற நான்கும் ஹோஷேவின் வேலையிலும் ரோகேமின் வேலையிலும் உண்டு. ஆகவே வண்ணத்தால் இருவரையும் பிரிக்க முடியாது. ஏபோத்திலும் மார்ப்பதக்கத்திலும் ஐந்தாவதாகப் பொன் சேர்கிறது. ரோகேமின் வேலையில் பொன் எங்குமே இல்லை. இங்கே ஒரு சிறு எச்சரிக்கை: தமிழில் ‘மெல்லிய பஞ்சுநூல்’ என்று படிக்கும்போது நம் கண்முன் பருத்தி வந்துவிடுகிறது. எபிரேயத்தில் ‘ஷேஷ்’ என்ற அச்சொல் எகிப்திய மொழியிலிருந்து வந்தது. அது ஆளிச்செடியின் நாரிலிருந்து எடுத்த நூலைக் குறிக்கும். பருத்தியை மனத்திலிருந்து அகற்றிவிட்டு மேலே செல்லுங்கள்.

மூன்றாவதாக, முடிவை ஏறக்குறைய தீர்மானிக்கும் சான்று: கேருபீன்கள். உருவம் பொறித்த துணி என்று யாத்திராகமம் சொல்லும் இரண்டு இடங்களிலும், அதாவது உட்புற மூடுதிரைகளிலும் திரைச்சீலையிலும், வேலை ஹோஷேவினுடையது. ரோகேமின் தொங்குதிரைகளில் வண்ணங்கள் இருக்கின்றன, கேருபீன் இல்லை. ஆகவே ஹோஷேவ் உருவங்களைத் துணிக்குள் கொண்டுவரத் தெரிந்தவன் என்று சொல்வதில் பிழையில்லை. ஏபோத்திலும் மார்ப்பதக்கத்திலும் உருவங்கள் இருந்ததாக வசனம் சொல்லாததால், உருவம் மட்டுமே அவன் அடையாளம் என்று முடித்துவிடவும் முடியாது. அங்கே பொன்னிழையை நூலோடு சேர்க்கும் கடினமான பணி அவனைத் தேவைப்படுத்தியது என்று கொள்ளலாம்.

ஐந்தாம் படி: தறியில் அது எப்படி நடந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்

யாத்திராகமம் 39:3 வேதாகமத்திலேயே அபூர்வமான வசனம். ஒரு தொழில்நுட்பத்தைச் செய்முறையாகவே சொல்கிறது. பொன்னை மெல்லிய தகடுகளாக அடித்து, அவற்றை இழைகளாக வெட்டி, நீல நூலின் ஊடும் இரத்தாம்பர நூலின் ஊடும் சிவப்பு நூலின் ஊடும் மெல்லிய நூலின் ஊடும் சேர்த்தார்கள்; அதுவே ஹோஷேவின் வேலை. ‘மேலே’ என்று இங்கே சொல்லப்படவில்லை, ‘ஊடே’ என்றுதான் சொல்லப்படுகிறது. முடிந்த துணியின்மேல் பொன்னைத் தைத்திருந்தால் வசனம் இப்படி அமைந்திருக்காது.

நெசவு தெரிந்தவர்களுக்கு மீதியை விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தறியில் நீளவாட்டில் கட்டியிருப்பது பாவு. குறுக்கே செல்வது ஊடை. சாதாரண நெசவில் ஊடை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை ஓடித் திரும்பும். உருவம் நெய்யும்போது அப்படி ஓடாது. நீல ஊடை தன் உருவத்தின் எல்லைவரை மட்டும் சென்று திரும்பும். அந்த இடத்தில் சிவப்பு ஊடை தொடங்கி, தன் எல்லையில் திரும்பும். சிறகு எத்தனையாவது பாவு இழையில் தொடங்கி எத்தனையாவதில் முடியவேண்டும் என்பதை ஒவ்வொரு வரியிலும் எண்ணியாக வேண்டும். தையற்காரர் தப்பினால் நூலைப் பிரித்துவிடலாம். இங்கே பத்து வரிக்கு முன் எண்ணிக்கை தப்பியிருந்தால் பத்து வரியையும் அவிழ்க்க வேண்டும். காஞ்சிபுரத்தில் கோர்வை போட்டுக் கரையையும் உடலையும் இணைப்பவர்கள் இந்த எண்ணிக்கையின் பாரத்தை நன்றாக அறிவார்கள். மூன்றாம் படியில் கண்ட கணக்கிடுதலும் திட்டமிடுதலும் ஒரே ஆளிடம் வந்து சேர்வது இந்த இடத்தில்தான். இவனை ‘எண்ணுபவன்’ என்று எபிரேயர் அழைத்ததற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இத்தகைய நெசவு அக்காலத்தில் இருந்ததா என்ற கேள்விக்கு எகிப்து பதில் சொல்கிறது. நான்காம் துத்மோசின் கல்லறையில் கிடைத்த ஆளிநூல் துணித்துண்டுகளில், இரண்டாம் அமென்ஹொதெப்பின் பெயர்ச்சின்னமும் தாமரைப் பூக்களும் வண்ண ஊடையால் நெய்யப்பட்டிருக்கின்றன, இவை கி.மு. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1922-இல் திறக்கப்பட்ட துத்தன்காமனின் கல்லறையிலிருந்து நெய்த உருவங்களோடு ஊசியால் தைத்த உருவங்களும் கொண்ட ஆடைகள் கிடைத்தன. ஆகவே இரண்டு உத்திகளும் அருகருகே வழங்கின. அவற்றைச் செய்தவர்களுக்கு இரண்டு பெயர்கள் இருந்தது வியப்பில்லை. இஸ்ரவேலின் தென்பகுதியில் உள்ள திம்னா பள்ளத்தாக்கிலிருந்து, ஏறத்தாழ கி.மு. 1000-ஐச் சேர்ந்த, கடல்நத்தையின் இரத்தாம்பரச் சாயம் ஏறிய கம்பளி இழைகள் கிடைத்ததாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. சீனாய்ப் பகுதியின் குந்திலெத் அஜ்ருத்தில் கிடைத்த துணிகளில் கம்பளியும் ஆளிநூலும் கலந்து நெய்தவையும் உண்டு. அக்கலவையை உபாகமம் 22:11 சாதாரண மனிதருக்குத் தடைசெய்கிறது. கூடாரத்தின் திரைகளிலும் ஆசாரியரின் உடைகளிலும் அது இருந்ததென்றே யூத மரபு கொள்கிறது.

ஆறாம் படி: பழைய வாசகர்கள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள்

ரபீமார் எனப்படும் யூத மத ஆசிரியர்களின் விவாதத் தொகுப்பாகிய பாபிலோனியத் தல்மூதின் யோமா பகுதி (72ஆ) இந்தச் சொல்லுக்கு நேரடியான வரையறை தருகிறது: ரோகேம் என்றால் ஊசிவேலை, ஆகவே ஒரு முகம்; ஹோஷேவ் என்றால் நெசவுவேலை, ஆகவே இரண்டு முகங்கள். ஊசியால் தைத்தால் மேற்புறத்தில் உருவமும் அடிப்புறத்தில் நூல்முடிச்சுகளும் இருக்கும். நெய்தால் இரண்டு புறமும் உருவம் தெரியும் என்பதே இதன் எளிய விளக்கம். ராஷி இதை இன்னும் ஒரு படி ஏற்றி, 26:1-க்கான உரையில், ஒருபுறம் சிங்கமும் மறுபுறம் கழுகும் தோன்றும்படி நெய்தார்கள் என்கிறார். இருபுறமும் வெவ்வேறு உருவம் வருவதற்கு இரட்டைத் துணி நெசவு தேவை. அது முடியாத காரியமன்று. ஆனால் யாத்திராகமத்தின் வசனம் அவ்வளவு தூரம் போகவில்லை. ராஷியை மரபின் சாட்சியாக வாசியுங்கள். தொழில்நுட்பத்தின் சாட்சியாக வாசிக்கும்போது சற்று நிதானியுங்கள்.

அதே பக்கத்தில் ரபீ எலெயாசர் வேறொரு கருத்தைச் சொல்கிறார்: ‘ஹோஷேவ் எண்ணிய இடத்தில் ரோகேம் தைக்கிறான்.’ அதாவது இருவரும் ஒரே துணியில் அடுத்தடுத்து உழைத்தார்கள். ஒருவன் வரைந்துகொடுக்க மற்றவன் அதன்மேல் ஊசியை ஓட்டினான். சுவையான கருத்துதான். நான்காம் படியில் நாம் பிரித்துவைத்த தாள்களோடு ஒப்பிட்டால் இது பொருந்தவில்லை: ஒரே பொருளுக்கு இரண்டு பெயரும் சேர்ந்து வரும் இடமே யாத்திராகமத்தில் இல்லை.

எண்ணிக்கைக்கு இன்னொரு சான்று இங்கே உண்டு. ஏபோத்தின் நூல் இருபத்தெட்டு இழை என்று ரபீமார் கணக்கிட்டார்கள்: நான்கு வகை நூலிலும் ஆறாறு இழைகள், ஒவ்வோர் ஆறோடும் ஒரு பொன்னிழை. பொன் இல்லாத திரைச்சீலைக்கு இருபத்துநான்கு. தல்மூதுக்கு அடிப்படையான சட்டத்தொகுப்பாகிய மிஷ்னாவின் ஷெகாலீம் பகுதி இரண்டாம் ஆலயத்தின் திரைச்சீலையைப் பற்றிச் சொல்லும்போது, நாற்பது முழ நீளம், இருபது முழ அகலம், எழுபத்திரண்டு விழுது, ஒவ்வொன்றிலும் இருபத்துநான்கு இழை என்று அடுக்குகிறது. அதைத் தண்ணீரில் முழுக்கியெடுக்க முந்நூறு ஆசாரியர் வேண்டியிருந்ததாம். இந்த முந்நூறு மிகைக்கூற்று என்று தல்மூதே வேறோரிடத்தில் ஒப்புக்கொள்கிறது. ஆகவே நாமும் புன்னகையோடு கடக்கலாம்.

பழைய மொழிபெயர்ப்புகளில் கிரேக்க செப்துவஜிந்த் 26:1-இல் ‘நெசவாளனின் வேலை’ என்று தெளிவாக எழுதுகிறது. 28:6-இல் அதுவே தடுமாறி, நெசவையும் ரோகேமுக்கு வைத்த சொல்லையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. லத்தீனில் ஜெரோம், மூடுதிரைகளுக்கும் வாசல் தொங்குதிரைக்கும் ஒரே பெயரைப் பயன்படுத்தி வேறுபாட்டை அழித்துவிட்டு, ஏபோத்துக்கு மட்டும் பலவண்ண இழை நெசவைக் குறிக்கும் சொல்லை வைக்கிறார். அரமேயத் தர்கூம் ஒன்கெலோஸ் ‘கைதேர்ந்தவனின் வேலை’ என்றும் ‘ஓவியனின் வேலை’ என்றும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்புகளை வாக்கெடுப்பாக எண்ணாமல், எது எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்ப்பதே பயன் தரும். இங்கே பெரும்பாலான தடுமாற்றம் ஏபோத்தில்தான் நிகழ்கிறது. உருவமில்லாத, பொன் கலந்த அத்துணி எல்லாருக்குமே புதிராக இருந்திருக்கிறது.

ஏழாம் படி: எதிர்ச்சான்றை ஒதுக்காதீர்கள்

ரோகேம் என்றால் ஊசிவேலைக்காரன் என்ற தல்மூதின் முடிவை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு சிக்கல் எழும். ‘ரிக்மா’ என்ற பெயர்ச்சொல் எசேக்கியேல் 17:3-இல் கழுகின் பலவருணமான இறகுகளுக்கும், முதலாம் நாளாகமம் 29:2-இல் பலவருணக் கற்களுக்கும் வருகிறது. இறகையும் கல்லையும் ஊசியால் தைக்க முடியாது. ஆகவே இவ்வேரின் அடிப்படை வண்ணக்கலப்பு. ஊசி அதற்கு ஒரு வழி மட்டுமே. ரோகேம் என்பவன் உருவமில்லாமல் வண்ணப்பட்டைகளை நெய்தவனாகவும் இருக்கலாம் என்று இக்கால ஆய்வாளர்கள் சிலர் கருதுவது இதனால்தான். எனக்கும் அது ஏற்கத்தக்கதாகத் தெரிகிறது. இதை ஒப்புக்கொண்டாலும் ஹோஷேவைப் பற்றிய நம் முடிவு அசைவதில்லை, ஏனெனில் அம்முடிவு ஊசியையும் தறியையும் எதிரெதிரே நிறுத்தியதால் வந்ததன்று. கேருபீன்களாலும் பொன்னிழையாலும் இடத்தாலும் வந்தது.

முதற்படியில் விட்டுவந்த சங்கீதம் 139-ஐ இப்போது மீண்டும் எடுக்கலாம். கருவில் எலும்பும் தசையும் நரம்பும் ஒன்றோடொன்று கலந்து உருவாவதைச் சொல்லச் சங்கீதக்காரன் தேர்ந்தெடுத்தது ரோகேமின் வினை. இக்கால எபிரேயத்தில் பூவேலைக்கும் உடலின் திசுவுக்கும் ‘ரிக்மா’ என்ற ஒரே சொல் வழங்குகிறது.

எட்டாம் படி: ஏபோத்தின் கச்சையில் எச்சரிக்கையாக இருங்கள்

28:8-இல் ஏபோத்தைக் கட்டும் கச்சைக்கு ‘ஹேஷெவ்’ என்று பெயர். தமிழில் ‘விசித்திரமான கச்சை’. எழுத்துகளைப் பார்த்தால் ஹோஷேவின் உடன்பிறப்பு. எண்ணி நெய்த வேலையாதலால் அப்பெயர் பெற்றது என்று அகராதிகள் சொல்கின்றன. ‘கட்டு’ என்று பொருள்படும் ‘ஹாவஷ்’ என்ற வினையின் எழுத்துகள் இடம்மாறி வந்ததென்று வேறு சிலர் சொல்கிறார்கள். கச்சைக்குக் கட்டுதல் பொருந்தாமலும் இல்லை. இதை ஹோஷேவுக்குச் சான்றாக எண்ணிக்கையில் சேர்க்காமல் தனியே வைத்துவிடுவதே பாதுகாப்பு.

ஒன்பதாம் படி: தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

‘விசித்திரவேலை’ என்ற சொல் அது எழுதப்பட்ட காலத்தில் குறையுடையதன்று. ‘விசித்திரம்’ என்பதற்குப் பலவண்ணம், பலவகை அழகு என்ற பொருள் அப்போது முன்னால் நின்றது. இன்று ஒருவரை ‘விசித்திரமான ஆள்’ என்றால் என்ன அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே பாடம் நடத்துபவரும் பிரசங்கிப்பவரும் வசனத்தை வாசித்தபின் அதை விளக்க வேறொரு தொடரைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. ‘பூத்தையல்’ கூடாது, அது ரோகேமின் பக்கம் சாய்கிறது. ‘கலைவேலை’ என்றால் எதையும் குறிக்கும். ‘உருவ நெசவு’ மூடுதிரைக்குப் பொருந்தும், ஏபோத்துக்குப் பொருந்தாது. எட்டு இடங்களிலும் நிற்கக்கூடியதாக நான் கண்டது ‘எண்ணி நெய்பவனின் வேலை’ என்ற தொடர். ‘எண்ணி’ என்பதில் கணக்கும் கருத்தும் இரண்டும் இருக்கின்றன. ‘நெய்பவன்’ என்பதில் ஆள் இருக்கிறான்.

ஒரே ஓர் இடத்தில் இத்தொடரும் சோதனைக்கு உள்ளாகும். 38:23-இல் தாண் கோத்திரத்தானாகிய அகோலியாப் ‘ஹாராஷ்’, ‘ஹோஷேவ்’, ‘ரோகேம்’ என்று மூன்று பெயர்களால் அறிமுகமாகிறான். ஹாராஷ் என்பவன் மரம், உலோகம், கல் ஆகியவற்றில் செதுக்கி வேலைசெய்பவன். ஒரே ஆள் மூன்றுமாக இருந்தால், வேறுபாடு ஆட்களுக்குள் இல்லை, வேலைகளுக்குள் மட்டுமே என்று ஆகிவிடாதா? வசனத்தை முடிவுவரை வாசியுங்கள்: இளநீலநூல், இரத்தாம்பரநூல், சிவப்புநூல், மெல்லிய நூல் என்ற பட்டியல் கடைசியாக வரும் ரோகேமை ஒட்டியே நிற்கிறது, 35:35-இலும் அந்த நான்கு நூல்களும் ரோகேமைத்தான் ஒட்டி வருகின்றன. ஆட்களின் பட்டியலாக வரும் இவ்விரண்டு வசனங்களில் ஹோஷேவ் எந்தப் பொருளோடும் கட்டப்படாமல், வடிவத்தை எண்ணியமைப்பவன் என்ற அகன்ற பொருளில் நிற்பதாகக் கொள்ளலாம். ஆகவே 38:23-ஐ மொழிபெயர்க்கும்போது மட்டும் ‘நெய்பவன்’ என்பதை விட்டுவிட்டு, ‘செதுக்குபவன், எண்ணியமைப்பவன், வண்ண நூல்வேலை செய்பவன்’ என்று எழுதுகிறேன்.